புகைத்ததும் மறைத்ததும்

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் 2014 ஜனவரி 1 முதல் கஞ்சா கடையில் கிடைக்கிறது. இருபத்தொரு வயது நிரம்பியவர் அடையாள அட்டையைக் காட்டி வாங்கலாம். ரசீது தருவார்கள். அந்த வரிப் பணத்தில் ஒரு பங்கு பள்ளிக்கூடக் கட்டடங்களுக்குப் போகிறது. அதே மாநிலத்தில், டென்வரை ஒட்டிய அரோரா நகரில், பக்லி விண்வெளிப் படைத்தளம் இருக்கிறது. அங்கே ரகசியம் சார்ந்த வேலைக்கு விண்ணப்பிப்பவரிடம் அரசு கேட்கும் கேள்விகளில் ஒன்று: கடந்த ஏழு ஆண்டுகளில் சட்டவிரோதமாகப் போதைப்பொருள் எதையாவது பயன்படுத்தியதுண்டா? கடை ரசீதோடு கஞ்சா வாங்கியவர் ‘உண்டு’ என்றுதான் எழுத வேண்டும். மாநிலச் சட்டம் அனுமதித்தாலும், 1970ஆம் ஆண்டின் கட்டுப்படுத்தப்பட்ட பொருட்கள் சட்டம் கஞ்சாவை ஹெராயினோடு சேர்த்து முதல் அட்டவணையில் வைத்தது. பாதுகாப்பு அனுமதியை வழங்குவது மத்திய அரசு. அதற்கு மத்தியச் சட்டம்தான் கணக்கு.

‘கிளியரன்ஸ்’ என்று சுருக்கமாகச் சொல்லப்படும் இந்த அனுமதி நாற்பது லட்சத்துக்கு மேற்பட்டவர்களிடம் இருக்கிறது. உளவாளிகளும் தளபதிகளும் இவர்களில் சிறு பகுதிதான். நீர்மூழ்கிக் கப்பல் பழுதுபார்க்கும் கூலித் தொழிலாளி, ஏவுகணைத் தொழிற்சாலையின் வெல்டர், கணினி வலையமைப்பைப் பராமரிப்பவர், மொழிபெயர்ப்பாளர், கணக்காளர் என்று பட்டியல் நீளும். இவர்களில் பெரும்பாலானோருக்கு அனுமதி போனால் வேலையும் போகும். ஆகவே, எப்போதோ புகைத்த ஒரு சுருட்டும், பத்தொன்பது வயதில் நடந்த ஓர் அடிதடியும் ஒரு மனிதரின் பிழைப்பை எவ்வளவு தூரம் தீர்மானிக்கலாம் என்பது லட்சக்கணக்கான குடும்பங்களின் சோற்றுக் கேள்வியும்கூட.

இதன் அடிப்படை குற்றவியல் சட்டத்தின் அடிப்படைக்கு நேர் எதிரானது. நீதிமன்றத்தில் சந்தேகத்தின் பலன் குற்றம் சாட்டப்பட்டவருக்கு. இங்கே சந்தேகம் எழுந்தால் அதன் பலன் நாட்டுக்கு. இதை அழுத்தமாக நிலைநாட்டியது 1988ஆம் ஆண்டின் ஈகன் வழக்கு. தாமஸ் ஈகன் வாஷிங்டன் மாநிலத்தின் பிரெமர்ட்டனில், டிரைடென்ட் நீர்மூழ்கிக் கப்பல்கள் பழுதுபார்க்கப்படும் கடற்படைத் தளத்தில் தொழிலாளி. அந்தத் தளத்தில் எல்லா வேலைகளும் பாதுகாப்பு சார்ந்தவையாகவே வகைப்படுத்தப்பட்டிருந்தன. அவர் மீது தாக்குதல் வழக்கிலும் ஆயுதம் வைத்திருந்த வழக்கிலும் பழைய தண்டனைகள் இருந்தன. அதற்கு முந்தைய இரண்டு தண்டனைகளை விண்ணப்பத்தில் அவர் காட்டவில்லை. குடிப்பழக்கம் இருந்ததையும் ஒப்புக்கொண்டிருந்தார். அனுமதி மறுக்கப்பட்டது, வேலையும் போனது. தண்டனையை அனுபவித்தாகிவிட்டது, குடியையும் விட்டாகிவிட்டது என்பது அவர் வாதம். ஊழியர் முறையீட்டு வாரியம் அந்த மறுப்பு சரியா தவறா என்று ஆராயலாமா என்ற கேள்வி உச்ச நீதிமன்றம்வரை போனது. ஆராயக் கூடாது என்று ஐந்துக்கு மூன்று என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. எவருக்கும் பாதுகாப்பு அனுமதி பெறும் உரிமை கிடையாது, ஒருவர் நாளை எப்படி நடந்துகொள்வார் என்ற கணிப்பை அதற்கென்று உள்ளவர்களிடம்தான் விட வேண்டும் என்றது நீதிமன்றம். இந்த முறை நேற்றைய செயலுக்குத் தண்டனை தருவதில்லை. நேற்றைய செயலை வைத்து நாளைய நடத்தைக்கு ஜாதகம் கணிக்கிறது. அந்த ஜாதகம் தவறினாலும் அதைத் திருத்தும் அதிகாரம் நீதிமன்றங்களுக்கு மிகக் குறைவு.

எவற்றை வைத்து இப்படிக் கணிப்பது என்பதும் காலத்தோடு மாறியது. அதிபர் ஐசன்ஹோவர் 1953இல் பிறப்பித்த 10450ஆம் எண் ஆணை, அளவுமீறிய குடி, போதை அடிமைத்தனம், குற்றச் செயல் ஆகியவற்றோடு ‘பாலியல் பிறழ்வு’ என்பதையும் ஒரே வரிசையில் நிறுத்தியது. ஓர்பால் உறவு அன்று எல்லா மாநிலங்களிலும் குற்றம். குற்றம் செய்பவரை எதிரி நாட்டு உளவாளி மிரட்டிப் பணிய வைக்கலாம் என்பது வாதம். ஹார்வர்டில் வானியல் முனைவர் பட்டம் பெற்ற ஃபிராங்க் கமெனி இந்த வாதத்துக்குப் பலியானவர்களில் ஒருவர். 1956இல் சான் பிரான்சிஸ்கோவில் கைதான நிகழ்வைப் பிடித்துக்கொண்டு, ராணுவ வரைபடத் துறை 1957இல் அவரை வேலையிலிருந்து நீக்கியது. உச்ச நீதிமன்றம் 1961இல் அவர் மனுவை ஏற்க மறுத்தது. பிறகு அவர் செய்ததுதான் சுவாரசியம். அனுமதி மறுக்கப்பட்ட மற்றவர்களுக்காக, வழக்கறிஞர் பட்டம் இல்லாமலே, விசாரணைகளில் நின்று வாதாடினார். மறைக்காதவரை எவராலும் மிரட்ட முடியாது என்பது அவர் தரப்பு. 1995இல் அதிபர் கிளின்டன் பிறப்பித்த 12968ஆம் எண் ஆணை, பாலியல் நாட்டத்தை மட்டும் காரணமாக வைத்து அனுமதி மறுப்பதைத் தடுத்தது. 2009இல் கமெனியிடம் அரசு முறைப்படி மன்னிப்புக் கேட்டது. இன்று கஞ்சாவைப் பற்றி நடக்கும் வாக்குவாதத்தைக் கேட்கும்போது எனக்குக் கமெனி நினைவுக்கு வருகிறார். இரண்டும் ஒன்றல்ல; ஒன்று மனிதரின் இயல்பு, மற்றொன்று அவர் செய்யும் தேர்வு. ஆனால் குற்றம் எது என்ற கோடு நகரும்போது, பழைய கோட்டுக்கு வெளியே நின்றவர்கள் எத்தனை காலம் விலை கொடுக்க வேண்டும் என்ற கேள்வி இரண்டுக்கும் பொது.

விசாரணை கேட்கும் உரிமையும் ஒரு வழக்கின் வழியாகவே வந்தது. பாதுகாப்புத் தளவாட நிறுவனமொன்றின் துணைத் தலைவராக இருந்த வில்லியம் கிரீன் என்ற விமானப் பொறியாளர், கம்யூனிஸ்ட் தொடர்பு என்ற குற்றச்சாட்டில் அனுமதியை இழந்தார். சாட்சிகள் யாரென்றே அவருக்குச் சொல்லப்படவில்லை. குறுக்கு விசாரணைக்கு வழியில்லாமல் இப்படிச் செய்ய அதிபரோ நாடாளுமன்றமோ தெளிவாக அதிகாரம் தரவில்லை என்று 1959இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அடுத்த ஆண்டே புதிய ஆணை வந்தது. இன்றும் தனியார் ஒப்பந்த நிறுவன ஊழியருக்கு அனுமதி மறுக்க வேண்டுமானால் காரணங்களை எழுத்தில் தர வேண்டும். அவர் கேட்டால் நிர்வாக நீதிபதி ஒருவர் முன் விசாரணை நடக்க வேண்டும். பாதுகாப்புத் துறையின் விசாரணை, மேல்முறையீட்டு அலுவலகம் இந்தத் தீர்ப்புகளைப் பெயர் நீக்கி வெளியிடுகிறது. இந்த முறை நடைமுறையில் எப்படி யோசிக்கிறது என்று அறிய அவற்றைவிட நல்ல இடம் இல்லை.

இப்போது நடைமுறையில் இருப்பவை 2017 ஜூன் 8இல் அமலுக்கு வந்த பதின்மூன்று வழிகாட்டு நெறிகள். ஆங்கில எழுத்துகளால் அவற்றைக் குறிக்கிறார்கள். போதைப்பொருளுக்கு ‘ஹெச்’, குற்ற நடத்தைக்கு ‘ஜே’, மதுவுக்கு ‘ஜி’, நேர்மைக்கும் சொந்த நடத்தைக்கும் ‘இ’. ஒவ்வொன்றிலும் கவலை தரும் சூழல்கள் ஒரு புறமும், அந்தக் கவலையைத் தணிக்கும் சூழல்கள் மறுபுறமும் உள்ளன. கடைசியில் ஆளை முழுமையாகப் பார்க்க வேண்டும் என்பது விதி. செயலின் தன்மை, அப்போதைய வயது, எத்தனை முறை, எவ்வளவு காலத்துக்கு முன், திருந்தியதற்கு அடையாளம், மறுபடி நடக்க வாய்ப்பு எல்லாமே கணக்கில் வரும்.

‘ஹெச்’ நெறி பார்ப்பதற்குக் கடுமையாக இருக்கும். ஒரு முறை பயன்படுத்தினாலும் அதற்குள் வரும். சோதனையில் சிக்கினாலும், வாங்கினாலும், விற்றாலும், வளர்த்தாலும் வரும். தேர்வுக்கு முந்தைய இரவு தோழனின் ஆடரால் எனும் கவனக்குறைபாட்டு மாத்திரையை வாங்கி விழுங்கிய கல்லூரி மாணவியும் வருவாள். மருத்துவர் எழுதிக் கொடுத்தது வேறொருவருக்கு என்பதால் அது சட்டவிரோதம். தணிக்கும் காரணங்களின் பக்கம் வந்தால் காட்சி மாறும். நீண்ட காலம் ஆகியிருந்தால், அரிதாக நடந்திருந்தால், பயன்படுத்தும் நண்பர்களிடமிருந்து விலகியிருந்தால், இனித் தொட மாட்டேன், தொட்டால் அனுமதியைப் பறிக்கலாம் என்று எழுதிக் கையெழுத்திட்டால், மருத்துவச் சிகிச்சையை முடித்து நல்ல முன்கணிப்புப் பெற்றிருந்தால் அனுமதி கிடைக்க வழி உண்டு. கடைசியாகப் பயன்படுத்தி எத்தனை மாதம் ஆகியிருக்க வேண்டும் என்பதற்கு நெறியில் எண் கிடையாது. அது வேண்டுமென்றே விடப்பட்ட இடைவெளி. எஃப்.பி.ஐ. தன் ஆள்சேர்ப்புக்குத் தனியாக எண் வைத்திருக்கிறது. கஞ்சாவுக்கு மூன்று ஆண்டாக இருந்ததை 2021இல் ஓராண்டாகக் குறைத்தது. கணினிக் குற்றங்களைத் துரத்தத் திறமையான இளைஞர்கள் வேண்டும், அவர்களில் பலர் புகைப்பவர்கள் என்ற சங்கடத்தை 2014இலேயே அதன் அன்றைய தலைவர் ஜேம்ஸ் கோமி வெளிப்படையாகப் பேசி, அதற்காக செனட் உறுப்பினரிடம் திட்டும் வாங்கினார்.

இரண்டு சூழல்களில் மட்டும் கதவு ஏறக்குறைய மூடியே இருக்கும். அனுமதி கையில் இருக்கும்போதே பயன்படுத்தியது ஒன்று. இனியும் பயன்படுத்துவேன் என்பது மற்றொன்று. பின்னதற்குச் சட்டமே குறுக்கே நிற்கிறது. 2008இல் வந்த பாண்ட் திருத்தம், தற்போது சட்டவிரோதமாகப் போதைப்பொருள் பயன்படுத்துபவருக்கு எந்தத் துறையும் அனுமதி வழங்கக் கூடாது என்கிறது. ஓராண்டுக்கு மேல் தண்டனை பெற்று, குறைந்தது ஓராண்டு சிறையில் இருந்தவருக்கு அதே சட்டம் வைத்திருக்கும் தடை, மிக உயர்ந்த வகை ரகசியங்களுக்கு மட்டும்தான். அதிலும் விலக்கு அளிக்க வழி உண்டு. சிறைக்குப் போய் வந்தவருக்கு ஒரு வழி திறந்திருக்க, வார இறுதியில் புகைப்பவருக்கு அது இல்லை. இந்த வரிசை விசித்திரமாகத் தோன்றலாம். ஆனால் முறையின் தர்க்கப்படி சரிதான்: முன்னவருடையது முடிந்த கதை, பின்னவருடையது நடந்துகொண்டிருக்கும் மீறல்.

மாநிலங்கள் ஒவ்வொன்றாகக் கஞ்சாவை அனுமதிக்க, உளவுத் துறைத் தலைமை இயக்குநர் அவ்ரில் ஹெய்ன்ஸ் 2021 டிசம்பரில் ஒரு விளக்கக் குறிப்பு அனுப்பினார். முன்பு பொழுதுபோக்காகப் பயன்படுத்தியது கவனிக்கத்தக்கது, ஆனால் அது மட்டுமே முடிவைத் தீர்மானிக்காது என்றார். விண்ணப்பப் படிவத்தில் கையெழுத்திட்ட நாளிலிருந்து தொடக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள் என்று துறைகளை அறிவுறுத்தினார். கஞ்சா நிறுவனங்களின் பங்குகளைத் தெரிந்தே நேரடியாக வாங்குவதும் கேள்விக்கு உள்ளாகலாம் என்றார். ஊக்குவிப்பாகவும் எச்சரிக்கையாகவும் ஒரே சமயத்தில் வாசிக்கத்தக்க குறிப்பு அது. அதே ஆண்டு மார்ச்சில் வெள்ளை மாளிகையிலேயே ஐந்து பேர் கஞ்சாவைப் பற்றிய கொள்கையின் காரணமாக வேலையில் இல்லை என்று செய்தித் தொடர்பாளர் ஜென் சாகி சொன்னார். அவர்களுக்கு நேர்ந்ததையும் 2018 செப்டம்பரில் எலான் மஸ்க் கலிஃபோர்னியாவில் ஒரு பேட்டியில் கேமரா முன் கஞ்சா புகைத்ததையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். நாசா, அவருடைய ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் பணிச்சூழல் பாதுகாப்பை ஆய்வு செய்ய உத்தரவிட்டது. பிறகு நிறுவனத்துக்கு ஒப்பந்தங்கள் பெருகின.

குற்ற நடத்தையைப் பற்றிய ‘ஜே’ நெறியில் வெளியாட்களை அதிகம் திகைக்க வைப்பது, தண்டனை பெற்றிருக்கவே வேண்டாம் என்பது. நம்பத்தகுந்த குற்றச்சாட்டோ, தானே ஒப்புக்கொண்டதோ போதும். வழக்குப் பதிவாகாமல் போயிருக்கலாம், தள்ளுபடியாகியிருக்கலாம், விடுதலையும் ஆகியிருக்கலாம். நடந்தது என்ன என்பதுதான் பார்க்கப்படும். சிறு தவறுகள் தனித்தனியே பொருட்டல்ல, ஆனால் தொடர்ந்து வந்தால் பொருட்டு. குடித்துவிட்டு வண்டி ஓட்டிச் சிக்கியவருக்கு ‘ஜி’யும் ‘ஜே’யும் சேர்ந்தே வரும். நன்னடத்தைக் கண்காணிப்பிலோ பரோலிலோ இருப்பது தனியாகவே எதிர்க் காரணம். மறுபக்கத்தில் காலம் கடந்தது, நஷ்டஈடு கொடுத்தது, படித்தது, வேலையில் பெயர் எடுத்தது, ஊருக்கு உழைத்தது எல்லாம் தணிக்கும்.

இந்த நெறியின் தேவையை மறுப்பவர்கள் ஆரன் அலெக்சிஸின் கோப்பைப் படிக்க வேண்டும். 2004இல் சியாட்டிலில் ஒருவரின் காரின் சக்கரங்களைத் துப்பாக்கியால் சுட்டதற்காகக் கைதானவர். 2007இல் கடற்படையில் சேர்ந்தபோது படிவத்தில் அந்தக் கைதை எழுதவில்லை. கைவிரல் ரேகையால் கைது தெரிய வந்தது. விசாரணையாளர் கேட்டபோது டயரில் காற்றை இறக்கினேன் என்றார். காவல்துறையின் மூல அறிக்கை பெறப்படவே இல்லை. அரசின் விசாரணை அறிக்கையில் துப்பாக்கி என்ற சொல்லே இடம்பெறவில்லை. அவருக்கு ‘சீக்ரெட்’ நிலை அனுமதி கிடைத்தது. அந்த நிலைக்கு மறுபரிசீலனை பத்தாண்டுக்கு ஒரு முறைதான். இடையில் 2010இல் டெக்சாஸில் வீட்டுக் கூரை வழியே துப்பாக்கி வெடித்த வழக்கும் வந்து போனது. 2013 செப்டம்பர் 16 அன்று, ஒப்பந்த ஊழியராக, செல்லுபடியான அட்டையோடு வாஷிங்டன் கடற்படைத் தளத்துக்குள் போய் 12 பேரைச் சுட்டுக் கொன்றார். விதிகள் இருந்தன. ஒரு காவல் நிலையத்திலிருந்து ஒரு தாளை வாங்கும் உழைப்புதான் இல்லை.

அந்தச் சம்பவம் தந்த உந்துதலில்தான் தொடர் கண்காணிப்பு முறை வளர்ந்தது. முன்பு ‘டாப் சீக்ரெட்’ நிலைக்கு ஐந்தாண்டுக்கு ஒரு முறை மறுவிசாரணை. இப்போது கணினி அன்றாடம் பதிவேடுகளைத் துழாவுகிறது. சனிக்கிழமை இரவு கைதானால், ஊழியர் வாய் திறக்கும் முன்பே அலுவலகத்துக்குத் தகவல் போய்ச் சேர வாய்ப்பு உண்டு.

ஆனால் இந்த நெறிகள் உளவாளிகளைப் பிடிக்கின்றனவா? வரலாறு இருவிதமாகவும் பதில் சொல்கிறது. பதின்பருவத்தில் திருட்டுகளில் சிக்கி, 1955இல் கடற்படையில் சேர்ந்த ஜான் வாக்கர், 1960களின் இறுதியிலிருந்து 1985இல் கைதாகும் வரை ரகசியக் குறியீட்டுச் சாவிகளைச் சோவியத் யூனியனுக்கு விற்றார். 1970களில் கலிஃபோர்னியாவில் உளவுச் செயற்கைக்கோள் தொடர்பான அறையில் வேலை பார்த்த கிறிஸ்டோபர் பாய்ஸ், முன்னாள் எஃப்.பி.ஐ. அதிகாரியின் மகன். ரகசியங்களை மெக்சிகோ நகரத்துச் சோவியத் தூதரகத்துக்குக் கொண்டுபோய் விற்றவர் அவருடைய பால்ய நண்பர் டால்டன் லீ, போதைப்பொருள் வியாபாரி. நண்பர்கள் யார் என்று ‘ஹெச்’ நெறி கேட்பது வீண் வம்பு இல்லை என்பதற்கு இதுவே போதும். மறுபுறம் எஃப்.பி.ஐ.யின் ராபர்ட் ஹான்சன். போதை இல்லை, வழக்கு இல்லை, தவறாமல் தேவாலயம் போகும் குடும்பஸ்தர். 1979இல் தொடங்கி, இடைவெளிகள் விட்டு, 2001 வரை மாஸ்கோவுக்குத் தகவல் விற்றார். ஒழுங்கீனமான வாழ்க்கையை இந்த வலை பிடிக்கும். ஒழுங்கான துரோகி அதன் கண்களுக்குத் தப்பிவிடுவார்.

அப்படியானால் இத்தனை கேள்விகளால் என்ன பயன்? என் பார்வையில், போதையும் குற்றமும் இங்கே பாதி வினா மட்டும். மறுபாதி ‘இ’ நெறி: கேட்டபோது உண்மையைச் சொன்னாயா? விண்ணப்பப் படிவம் எஸ்.எஃப். 86 நூறு பக்கத்துக்கு மேல் ஓடும். அதில் தெரிந்தே பொய் எழுதுவது மத்தியச் சட்டப்படி ஐந்தாண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். போதைப்பொருள் பகுதியின் தலைப்பிலோ அரசே ஒரு வாக்குறுதி தருகிறது: இங்கே நீ உண்மையாகச் சொல்வதைக் குற்ற வழக்கில் உனக்கு எதிரான சாட்சியமாகப் பயன்படுத்த மாட்டோம். கஞ்சா புகைத்ததை எழுதினால் வழக்கு இல்லை; எழுதாமல் விட்டால் அதுவே குற்றம். வெளியாகும் தீர்ப்புகளில் திரும்பத் திரும்பக் காணக் கிடைப்பது இதுதான்: பல ஆண்டுகளுக்கு முந்தைய கஞ்சாவை நீதிபதி ஒரு பத்தியில் கடந்துவிடுவார், அதை மறைத்ததற்குப் பக்கங்களைச் செலவிட்டு அனுமதியை மறுப்பார். மறைத்தவருக்கும் ஒரு வழி உண்டு. விசாரணையாளர் ஆதாரத்தை மேசையில் வைப்பதற்கு முன் தானே முன்வந்து திருத்த வேண்டும். ஆதாரம் வந்தபின் வரும் ஒப்புதலுக்கு மதிப்புக் குறைவு.

இந்த இடத்தில் பலர் இடறுவது முத்திரையிடப்பட்ட வழக்குகளில். மாநில நீதிமன்றம் பதிவேட்டை அழித்துவிட்டது, இனி யார் கேட்டாலும் ‘இல்லை’ எனலாம் என்று வழக்கறிஞர் சொல்லியிருப்பார். வாடகை வீட்டுக்காரரிடம் அது செல்லும். எஸ்.எஃப். 86இல், மிகச் சில மத்திய வழக்குகள் தவிர, அழிக்கப்பட்டவற்றையும் எழுதத்தான் வேண்டும். அமெரிக்காவில் பிறந்து வளர்ந்து பாதுகாப்புத் துறைக்குப் போகும் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகளுக்குச் சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ உள்ள உறவினர்களைப் பற்றிய ‘பி’ நெறிதான் பெரிய தலைவலி என்று பெற்றோர் நினைப்பது இயல்பு. மகனின் கல்லூரிக் காலக் கைதை உறவுக்காரர்களிடம் மூடி மறைத்த பழக்கத்தில் படிவத்திலும் மறைக்கச் சொல்லிவிட்டால், பெரியப்பாவைவிட அந்த அறிவுரைதான் அவனைக் கவிழ்க்கும்.

நேர்மையைச் சோதிக்கும் முறை நேர்மையாக இருக்கிறதா என்பது தனிக் கேள்வி. கறுப்பினத்தவரும் வெள்ளையரும் ஏறக்குறைய ஒரே அளவில் கஞ்சா பயன்படுத்தினாலும், கறுப்பினத்தவர் கைதாகும் வாய்ப்பு 3.7 மடங்கு அதிகம் என்று அமெரிக்கக் குடிமை உரிமைகள் சங்கம் 2013இல் காட்டியது. படிவத்தின் போதைப் பகுதி எல்லோரையும் ஒரே கேள்வி கேட்கிறது. கைதுப் பகுதி காவல்துறை யாரைத் தேடிப் போனதோ அவர்களிடம்தான் பதில் வாங்குகிறது. உச்சியில் இருப்பவர்களுக்கோ கேள்வியே இல்லை. தேர்ந்தெடுக்கப்பட்ட அதிபருக்கு அனுமதி தேவையில்லை. 2024 மே மாதம் 34 குற்றச்சாட்டுகளில் குற்றவாளி எனத் தீர்ப்பான டொனால்ட் டிரம்ப், 2025 ஜனவரி 20 அன்று பதவியேற்றதும் வெள்ளை மாளிகைப் பணியாளர்களுக்கு, வழக்கமான விசாரணை முடியுமுன்பே, ஆறு மாதம்வரை மிக உயர்ந்த இடைக்கால அனுமதி வழங்க உத்தரவிட்டார். பிரெமர்ட்டனில் கப்பல் பழுதுபார்த்த தொழிலாளிக்கு அந்தப் பெருந்தன்மை கிட்டவில்லை.

கஞ்சாவை முதல் அட்டவணையிலிருந்து மூன்றாம் அட்டவணைக்கு மாற்றும் முன்மொழிவை மத்திய அரசு 2024 மே மாதம் வெளியிட்டது. மாறினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பும் விண்ணப்பதாரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மூன்றாம் அட்டவணைப் பொருளையும் முறையான மருந்துச் சீட்டு இல்லாமல் பயன்படுத்துவது மத்தியச் சட்டப்படி மீறல்தான். தோழனின் மாத்திரையை விழுங்கிய மாணவியின் நிலைதான் அவர்களுக்கும். மாநிலங்கள் தரும் மருத்துவக் கஞ்சா அட்டை அப்படிப்பட்ட சீட்டு ஆகாது. மாற்றம் வேறு இடத்தில் மெதுவாக நடக்கிறது. எஸ்.எஃப். 86க்குப் பதிலாக 2023 நவம்பரில் ஒப்புதல் பெற்ற புதிய வினாப்படிவம், கஞ்சாவை மற்றப் போதைப்பொருட்களிலிருந்து பிரித்துத் தனியாகக் கேட்கிறது.